வெண்கலக் கணுக்கால்

ரியேக்கா துறைமுகத்தில், பழைய தானியக் கிடங்குக்கு எதிரே
செப்டம்பரில் திரையை விலக்கினார்கள்.
நாலரை மீட்டர் வெண்கல ஆள்
குனிந்து, ஒரு காலை முன்வைத்து,
வெண்கல வடத்தை வெண்கல வளையத்தில் கட்டிக்கொண்டிருக்கிறான்.
பீடத்தில்: கடலால் வாழ்ந்த நகரத்தின் நன்றி.
பித்தளை வாத்தியம். பொரித்த நெத்திலி.
பேச்சு, பேச்சுக்கு மேல் பேச்சு.

நெவென்கா ப்ராய்டிச் கைதட்டவில்லை.
இருபத்திரண்டு வருடமாக
வருகிற கப்பலைக் கட்டுகிறவள், போகிற கப்பலை அவிழ்த்துவிடுகிறவள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.
"நுனி தப்பான பக்கம் வருகிறது.
ஒரு இழுப்பு போதும், உருவிக்கொள்ளும்.
இவன் ஒரு தோணியைக்கூடக் கட்டியவன் இல்லை."

சிற்பி, ஸாக்ரெபிலிருந்து வந்தவர், நல்ல மனிதர்தான்,
ஒளி விழும் கோணத்தைப் பற்றிச் சொன்னார்.
நகராட்சிக்கு எழுதினாள், படம் வரைந்து, அம்புக்குறி போட்டு.
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.
அதைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்கள்.
அடியில் ஸ்லாவ்கோவின் கிறுக்கல் கையெழுத்து:
நாம் வடம் பிடித்தோம்,
அவர்கள் கயிறு திரித்தார்கள்.

சிலைக்கு இடம் வேண்டுமென்று
அங்கே நின்ற இரும்புத் தறியைப் பிடுங்கியிருந்தார்கள்.
அப்போது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பிப்ரவரியில் புரா இறங்கியது.
மலையிலிருந்து வருகிற காற்று,
கிடைத்ததையெல்லாம் கடலுக்குத் தள்ளும்.
காப்பிக்கடை நாற்காலிகள் முதலில் போயின.
பிறகு, தீவுக்குப் போகிற சின்னக் கப்பல்
பின்வடம் அறுந்து
மெல்ல, வெட்கப்படுகிறதுபோல, கரையை விட்டு விலகியது.
உள்ளே பதினொரு பேர், ஒரு கூண்டு நிறையக் கோழிகள்.

எறிகயிறு இரண்டு முறை காற்றோடு திரும்பிப்போனது.
மூன்றாவது முறை நெவென்கா கையில்.
ஸ்லாவ்கோவும் அவளும் வடத்தைக் கரையேற்றினார்கள்.
தறி இருந்த இடத்தைப் பார்த்தாள்.
அங்கே அவன் நின்றான்.

முன்வைத்த கால்.
இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனி சரியான பக்கம்.
வடம் விறைத்தது. பீடத்தின் ஆணிகள் முனகின.
மேலே அவன் கையிலிருந்த முடிச்சு
எதையும் பிடிக்காமல் அழகாக இருந்தது.

விடியும்வரை நின்றது கப்பல்.
கோழிகள்கூடத் தூங்கியதாகக் கேள்வி.

இப்போது அந்தக் கணுக்காலில் வெண்கலம் தேய்ந்து
தண்டை போட்டதுபோல் ஒரு பளபளப்பு.
பயணிகளிடம் வழிகாட்டி அதைச் சிற்பியின் நுட்பம் என்கிறான்.
பிடுங்கிய தறி எந்தக் கிடங்கில் கிடக்கிறதென்று
நகராட்சி இன்னும் தேடுகிறது.

நெவென்கா வேலைக்கு வரும்போது
அவன் கைகளைப் பார்ப்பதே இல்லை.
காலை மட்டும் பூட்ஸ் முனையால் ஒரு தட்டு தட்டுவாள்,
எந்தத் தறியையும் தட்டுவதுபோல.
அசையவில்லை என்றால்
நடந்துபோய்விடுவாள்.