தொங்கிக்கொண்டிருந்த முனை

திங்கள் காலை ஏழு நாற்பது.
வினிபெக், செல்கர்க் அவென்யூ, மைனஸ் முப்பத்தொன்று.
பள்ளிக் கதவு யாருடைய அட்டையையும் அறியவில்லை.
பனிவாரும் மண்வெட்டியைக் கதவிடுக்கில் செருகி
சிற்றுண்டிக்கு வந்த பிள்ளைகளை
ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள் மரிசெல்.

படிக்கட்டுக்கு அடியில் சுவிட்ச் அறை.
நாற்பத்தெட்டு விளக்குகளும் ஒரே மூச்சாகத் துடித்தன.
இந்த முகவரி யாருடையது என்று
எந்திரம் ஒன்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கும்;
கேள்வி வளையத்தில் விழுந்து
தன் வாலைத் தானே துரத்தி
நொடிக்கு லட்சம் தடவை
இந்த முகவரி யாருடையது
இந்த முகவரி
உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள்.
ஊர்வாய்க்குச் சத்தமே இல்லை.
விசிறிகள் மட்டும் இரைந்தன.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
இருபத்தாறைப் பிடுங்கியதும்
விளக்குகள் தனித்தனியே சிமிட்டத் தொடங்கின,
சண்டை பார்த்து நின்றவர்கள்
அவரவர் வேலைக்குப் போனதுபோல.

நூற்றுப் பதினான்காம் அறை.
ஒரு நீலக் கேபிள், இரண்டு முனையும் சுவரில்.
"தரை மெழுகும்போது ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது,
பக்கத்திலேயே துளை காலியாக இருந்தது,
பிள்ளைகள் தடுக்கி விழுவார்களே என்று..."
சொல்லச் சொல்லவே மரிசெல்லுக்குப் புரிந்துவிட்டது.
கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.
"நான்தான் உடைத்தேனா?"

பிறகு சொல்கிறேன் என்றேன்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு.
இரண்டு நொடிக்கு ஒருமுறை
ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுக்கும்:
நான் இன்னார், வேர் இந்தப் பக்கம்.
தன் குரலே இன்னொரு வாசலில் திரும்பிவந்தால்
ஒன்றைச் சாத்திக்கொள்ளும்.
சுற்றிவரும் வழிகளை அடைத்தபின் மிஞ்சுவதுதான் மரம்.
இலை கிடையாது, நிழல் கிடையாது.

இங்கே ஏன் குரல் எழவில்லை?
அமைப்பைத் திறந்து பார்த்தேன்.
இருபத்தாறிலும் இருபத்தேழிலும்
அந்தக் குரலை வடிகட்டச் சொல்லி ஒரு வரி.
தேதி, அக்டோபர் ஒன்பது.
எழுதியவர் பெயர், கோமதகி.
என் பெயர்.

பதிவேட்டில் எச்சரிக்கைகள் ஓயவில்லை என்று
ஒரு மாலை
அதன் வாயைக் கட்டிவிட்டு
பேருந்தைப் பிடிக்க ஓடியிருக்கிறேன்.

வடிகட்டியை எடுத்தேன்.
மேசைப்பக்க வாசல்கள் எல்லாவற்றுக்கும் காவல் வைத்தேன்:
கணினி வரலாம், பிரிண்டர் வரலாம்.
சுவிட்சின் குரல் கேட்டால்,
அது உன் சொந்தக் குரலே ஆனாலும்,
மூடு.
ஐந்து நிமிடம் கழித்து நீயே திறந்து பார்.
இன்னும் கேட்டால் மறுபடி மூடு.
கோபம் வேண்டாம்.

வந்தது வந்தேன், வேர் யார் என்றும் பார்த்தேன்.
உடற்பயிற்சிக் கூடத்தில், காற்றுப்போன பந்துகளுக்குப் பின்னால்,
எட்டே வாசல் உள்ள ஒரு பெட்டி.
யாரும் முன்னுரிமை எழுதாத தேர்தலில்
எண் சிறியது என்பதற்காக வென்று
பள்ளி முழுவதையும் ஆண்டுகொண்டிருந்தது.
நடுச் சுவிட்சுக்கு முடி சூட்டினேன்.
கூடத்தை நோக்கிய வாசலில் வேர்க்காவல்:
நீ பேசலாம். ஆள முடியாது.

பதினொன்றரைக்கு மரிசெல்லைக் கூப்பிட்டேன்.
நீலக் கேபிளை நீட்டினேன்.
"செருகுங்கள், நேற்றுப் போலவே."
அவள் பின்வாங்கினாள்.
"பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள்."
"தெரியும். செருகுங்கள்."

கண்ணை மூடிக்கொண்டு செருகினாள்.
என் திரையில் ஒரு வரி வந்தது:
இருபத்தாறாம் வாசல் மூடப்பட்டது.
வேறொன்றும் வரவில்லை.
எதிர் அறையில் யாரோ இருமினார்கள்.

"அப்படியானால் நேற்று?"
"நேற்று அது நான்."

அறிக்கைத் தாளில் காரணம் என்ற கட்டம்
இன்னும் காலியாக இருந்தது.
அக்டோபர் ஒன்பது என்று எழுதினேன்.
நடைக்கோடியில் யாரோ அட்டையைக் காட்ட
கதவு கிளிக் என்றது.
மரிசெல் மண்வெட்டியை எடுக்கப் போனாள்.