நான்காவது இடத்தில் ஒரு 3

நினைவகம் கேட்கும் அந்த வரியில்
எவ்வளவு, எங்கே, யாருக்கு
மூன்றும் புரிகிறது.
நான்காவதாக ஒரு 3.
பெயர் ஒற்றை எழுத்து. விளக்கம் கிடையாது.

பிர்னோவில் நவம்பர், நாலரைக்கே இருட்டு.
ஸ்திஸ்லாவா அதைப் பூஜ்யமாக்கினாள்.
ஒன்றும் ஆகவில்லை.
டிராம் போனது, சன்னல் அதிர்ந்தது,
திரை அப்படியே.

எழுதியவர் ஹ்ருஷ்கா,
இப்போது ஓலொமொட்ஸில் சைக்கிள் கடை.
போனில் சிரித்தார்:
"மூணு போடுன்னு யாரோ சொன்னாங்க. போட்டேன்."

பதினோரு மணி நேரம் கழித்து உறைந்தது
பாதி வரைந்த முக்கோணத்தோடு.
ஒன்று வைத்தாள், ஒரு நாள் தாங்கியது.
இரண்டு வைத்தாள், ஞாயிறு வரை.

அட்டைக்கு அவசரம்.
கடைசிப் புள்ளியைப் படிக்கும்போதே
அடுத்ததற்குப் போய்விடும்,
இருட்டில் இறங்குகிறவர்
இல்லாத படிக்கும் கால் வைப்பதுபோல.
அங்கே தரை இருந்தாக வேண்டும்,
யாரும் எதுவும் எழுதப்போகாத
மூன்று பக்கம்.

விளக்கம் எழுதினாள்:
'முடிவுக்கு அப்பாலும் அட்டை படிக்கும்.
இரண்டு போதாது.'
அழித்தாள்.
'இரண்டு போதவில்லை, இரண்டு முறை பார்த்தேன்.
மூன்று எப்போதும் போதுமா,
தெரியாது.'