சேத மதிப்பீடு

முப்பது எண்ணும்வரை விரலை எடுக்காதீர்கள் என்றான்
எதிர்வீட்டு மாணவன், கதவுக்கு வெளியிலேயே நின்று.
எண்ணினேன். முப்பத்தொன்றிலும் இருட்டு.
சார்ஜரின் பச்சைப் பொட்டு மட்டும் எரிந்தது,
விருந்தாளி போன பிறகும் அணைக்க மறந்த
வாசல் விளக்கு மாதிரி.
மடிக்கணினியைச் சாய்த்த பக்கமெல்லாம்
உள்ளே ஏதோ ஒன்று உருண்டது.

குளியல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு
வால்பரைசோவின் நூற்று நாற்பத்திரண்டு படிகள் இறங்கினேன்.
குன்றில் ஏற்றி இறக்கும் கம்பிவடப் பெட்டி
அன்றைக்கும் பழுது.
படிக்கொரு நாய். கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம்.
எதிரே வந்த ரொட்டிக்காரி
குழந்தையோ என்று துண்டை எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கினாள்.

நோல்பெர்த்தோவின் கடை பாதிக் கடைதான்.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
அவன் மச்சான் சாவி வெட்டுகிறான்.
அந்த இரைச்சலில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்,
பொய்யைக்கூட.

"விழுந்துவிட்டது!"
"எங்கிருந்து?"
"மேசையிலிருந்து!"

அவன் மூடியின் மேல் விரலை ஓட்டினான்.
ஒரு நசுங்கல். நிறுத்தினான்.
அடிமூலையில் இன்னொன்று. நிறுத்தினான்.
அந்த விரலை எனக்குத் தெரியும்.
என் பிழைப்பும் அதுதான்.
இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில்
காப்பீட்டுக்காரர்களுக்குச் சேதம் எழுதுகிறேன்:
கன்றிய ஆப்பிள், குழிவிழுந்த மீன் டின்,
ஈரம் குடித்துக் கல்லான சிமென்ட்.
கப்பல் ஆடியது என்பார்கள், காற்று பலம் என்பார்கள்.
தலையாட்டிக்கொண்டே
பெட்டியின் மூலையைப் பார்ப்பேன்.
நழுவியதற்கு ஓர் அடி.
எறிந்ததற்கு இரண்டு: முதலில் சுவர், அப்புறம் தரை.

கீல் இடுக்கில் மஞ்சள் பெயிண்ட் சில்லு.
என் சமையலறைச் சுவரின் மஞ்சள்.
அதை அவன் தூரிகையால் தட்டிவிட்டான்,
தூசியைத் தட்டுவதுபோல.

காந்தத் தட்டில் திருகாணிகளை
எடுத்த வரிசையிலேயே நிறுத்தினான்.
பிதுங்கிய நினைவகத் தகட்டைப்
பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அமுக்கினான்.
நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புந்தா அரேனாஸிலிருந்து என் தங்கை மிரேயா
திரையில் பேசிக்கொண்டிருந்தாள்.
அம்மாவின் ஃபிளாட்டை விற்பதைப் பற்றி, வேறென்ன.
"நீ எப்போதுமே" என்று தொடங்கினாள்.
இணைப்பு அந்த இடத்தில் உறைந்தது.
வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடி.
காத்திருந்திருக்கலாம்.
மீதி வாக்கியத்தை நானே எழுதினேன்,
ஒன்றல்ல, ஏழெட்டு விதமாக,
ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொடியதாக.
பிறகுதான் கை உயர்ந்தது.

விசிறி ஒருமுறை இருமியது. திரை வெளுத்தது.
தேதி: 2012, ஜனவரி ஒன்று.
"பொத்தான் பேட்டரி கழன்றிருக்கிறது" என்றான்.
"என்றைக்கு என்பதை மட்டும்தான் மறந்திருக்கிறது.
மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது."

ரசீதில் காரணம் என்ற கட்டத்தில்
"விழுந்தது" என்று எழுதித் திருப்பித் தள்ளினான்.
கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.
பேனாவை வைத்தேன். எடுத்தேன்.
அந்தச் சொல்லை அடித்துவிட்டு
"போட்டு உடைத்தேன்" என்று எழுதினேன்.
அப்போது பார்த்து மச்சானின் இயந்திரம் நின்றிருந்தது,
கடை முழுக்கப் பேனாவின் கீறல்.

"இரண்டுக்கும் ஒரே விலைதான், செனோரா.
முப்பதாயிரம் பெசோ."
ஒரு திருகாணி மிஞ்சியதாம்.
எந்த இடத்தது என்று தெரியவில்லை,
இல்லாமலும் ஓடுகிறது என்று
தாளில் மடித்துக் கொடுத்தான்.

இப்போது எழுபதாவது படியில் நிற்கிறேன்,
கோட்டுப் பையில் அந்தத் திருகாணி.
மேலே போய், மூச்சு வாங்கி முடித்து,
தேதியைச் சரிசெய்துவிட்டு
அவளைக் கூப்பிட வேண்டும்.
"நீ எப்போதுமே" என்றாயே,
அப்புறம்?