ரப்பர் தடிப் பெட்டி

கருங்கலில் சர்ச் பெஞ்சும் சவப்பெட்டியும் செய்கிற
ஞானாபரணம் ஆசாரியிடம் அளவு கொடுத்தபோது
அவர் கேட்டாராம்:
"எந்தப் புனிதருக்கு?"

ஆள் உயரம். முன்புறம் கண்ணாடி. மேலே விளக்கு.
இடுப்பளவில் சாய்ந்த பலகை.
குருசடி என்றுதான் யாருக்கும் தோன்றும்.
பென்சிகர் திருத்தவில்லை.
கோவில் காரியமென்றால் கூலி குறையும்.

குலசேகரத்து ரப்பர் தடி, பழைய கம்ப்யூட்டர் திரை,
கொச்சியிலிருந்து வந்த சிவப்பு உருண்டைப் பிடி,
ஆறு பட்டன். உள்ளே
அயலைத் துண்டு அகலத்தில் ஒரு பச்சைச் சில்லு.
செத்துப்போன நூற்றி நாற்பது மிஷின்களாக
அது ஒன்றே நடிக்கிறது.
பாவம், ஆட்டங்களுக்குத் தெரியாது
தாங்கள் இருப்பது தூத்தூரில்,
அரிசி டிரம்முக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் என்று.
ஏதோ ஜப்பான் தெருவில் நிற்கிற நினைப்பில்
காசு போடு, காசு போடு என்று
இங்கிலீஷில் கண்ணடிக்கின்றன.

காசு வேண்டாம்.
ஓரத்துப் பட்டனை அமுக்கினால் காசு விழுந்த சத்தம் வரும்.
தனியாக ஆட ஒன்று, ரெண்டு பேர் ஆட ரெண்டு.
எத்தனை தடவையும் அமுக்கலாம்.
"சொந்தமாயிட்டுல்லா" என்றார்.
ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த பணத்தில்
விழாத காசின் சத்தம்.
நான் வாய் திறக்கவில்லை.

பிறகு கடலுக்குப் போனார்.
சுறாத் தூண்டில், லட்சத்தீவுக்கும் அப்புறம்,
முப்பத்தெட்டு நாள்.

தூசி தட்டத்தான் முதலில் போட்டேன்.
மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் பூச்சிகள்.
கீழே நான், ஒற்றைக் கப்பல்.
செத்தால் ஓரத்துப் பட்டன். மறுபடி செத்தால் மறுபடி பட்டன்.
சாகவே முடியாத இடத்தில்
குறிபார்த்துச் சுட என்ன இருக்கிறது?
ஒரு வாரத்தில் சலித்துப் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் பங்குத்தந்தை மைக்கில் வாசித்தார்.
காற்றுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்,
பிள்ளைக்கு வைக்கலாம் போல.
ஒதுங்கிய படகுகளின் பட்டியலில்
எங்கள் படகு இல்லை.
பெண்கள் ஆலயத்துக்குப் போனார்கள். நானும் போனேன்.
பத்தரைக்குத் திரும்பி, விளக்குப் போடாமல்
பெட்டியின் முன்னால் நின்றேன்.

ஓரத்துப் பட்டனை ஒருமுறை அமுக்கினேன்.
இன்றைக்கு ஒரே காசு என்றேன்,
யாரிடம் என்று தெரியவில்லை.

அன்றைக்குப் பூச்சிகள் வேறு மாதிரி இறங்கின.
அவற்றின் மூச்சு எனக்குக் கேட்டது.
மூன்றாம் சுற்றில் டுக்டுக் வேகமானதும்
வலப்பக்கம் சிவப்பு ஒன்று தனியே சாயும்.
ஒன்பதாம் சுற்று. பத்து.
கூரை ஓடு ஒன்று பறந்து
ஸ்டெல்லா வீட்டு முற்றத்தில் உடைந்தது.
திரும்பவில்லை. பன்னிரண்டு.
இரண்டே காலுக்குக் கப்பல் வெடித்தபோது
விரல் மடங்கவில்லை.

முதலிடமாம். பெயர் கேட்டது.
மூன்றெழுத்துக்குத்தான் இடம்.
என் பெயருக்கு அது போதாது.
அவர் பெயரை
அந்த ராத்திரி ஒரு பட்டியலில் எழுத மனசில்லை.
ஏ ஏ ஏ என்றே விட்டேன்.

கறண்டு போனது. விடியக் கறண்டு வந்தபோது
பட்டியலில் யாருமே இல்லை.
சேமித்து வைக்க உள்ளே எதையோ மாற்ற வேண்டுமாம்,
அதை அவர் மாற்றவில்லை.

மினிக்காயில் ஒதுங்கியிருந்தார்களாம்.
நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வந்தார். குளித்தார், சோறு தின்றார்,
பெட்டியைத் துணியால் துடைத்தார்.
"ஆரும் தொடேலயா?"
"எனக்கு வேற வேலையில்லியா."

அடுக்களையில் முதுகு காட்டி அயலை வெட்டிக்கொண்டிருந்தேன்.
முதல் சுற்று. இரண்டு.
அவருக்குப் பிடி கனமாக விழுகிறது,
தூண்டில் இழுத்த கை.
டுக்டுக் வேகமானது.

"வலப்பக்கம் ஒண்ணு சாயும், பாரும்"
என்றுவிட்டேன்.

வெடித்தது.
கொஞ்ச நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்லை,
மேலே ஃபேன் மட்டும்.
பிறகு காசு விழுந்தது.
இன்னொன்றும்.

மீன் கையைக் கழுவினேன்.