வேறொன்றும் இல்லை

பள்ளத்தூர், மேலத்தெரு, கதவிலக்கம் அழிந்த வீடு.
மூன்றாங்கட்டில் நெல் கொட்டும் அறை.
விடிகாலை நான்கு பத்து.
நீல டிரம் மூன்று, வாய்வரை உப்புநீர்.
உள்ளே கடல் அட்டை, உயிரோடு.
எண்ணுவது ரேஞ்சர்.
எழுதுவது நான்.

வீட்டுக்காரர் பினாங்கில்,
அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்
சாவி வைத்திருக்கும் அடைக்கலம்.
எழுபது அறையில் ஒரே ஒரு அறைதான் விட்டேன் மேடம்,
அதுவும் பின்பக்கம்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
அடுத்த அட்டை கையில் சுருங்கியது,
பின்வாய் திறந்தது,
ஒரு கண்ணாடித் துண்டு நழுவி
டிரம்மில் விழுந்து
துடித்தது.

விரல் நீளம். செதில் கிடையாது.
டார்ச் வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைந்து
முள்ளை எண்ணிவிட்டு அந்தப் பக்கம் போகிறது.
கண் மட்டும் மறைக்கிறது,
இரண்டு கடுகு.

தொண்டியிலிருந்து வேன் ஓட்டிவந்த சந்தியாகு
விலங்கோடு குனிந்து பார்த்தான்:
"பகல்ல அட்டைக்குள்ள குடியிருக்கும்.
ராத்திரி வெளிய போயிட்டு வரும்.
வெல போவாது மேடம்,
அதான் யாரும் பேரு வைக்கல."

புலியைக் காக்கிற சட்டம் அட்டையையும் காக்கிறது.
அட்டையின் குடலுக்குள் இருப்பதை
எந்தப் பத்தியில் எழுதுவது?
எழுதாதே, என்றார் ரேஞ்சர்.
ஒரு மீன் என்று போட்டால்
வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு நீந்துவார்.

அதற்குள் அது
எங்கள் யாரையும் கேட்காமல்
ஒவ்வொரு அட்டையாகத் தலையால் தட்டிப் பார்த்தது.
ஒன்றின் பின்னால் நின்றது.
அட்டை மூச்சு விடுவதும் அந்த வழியாகத்தான்;
திறக்கும்வரை காத்திருந்து, உடம்பைத் திருப்பி,
முதலில் வால்,
பிறகு மெல்ல மெல்ல மீதி,
நேற்றிரவு இந்த வீட்டு முற்றத்துக்கு
விளக்கணைத்த வேன் பின்னோக்கி வந்ததுபோல.

கடைசியில் இரண்டு கடுகு.
பிறகு அதுவும் இல்லை.

அது பழைய அட்டையா, புது அட்டையா
என்று யாருக்கும் தெரியவில்லை.
அட்டையும் சொல்லவில்லை.

மொத்தம் அறுபத்தொன்று.
கோர்ட்டு உத்தரவு வந்ததும் கடலில் விடப்படும்.

சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை வாங்கிய அடைக்கலம்
மூடியைத் திறக்காமல் கேட்டார்:
"அது எத்தன வருசமா உள்ள இருக்கும் மேடம்?"

தெரியாது என்றேன்.

வேறொன்றும் கைப்பற்றப்படவில்லை
என்று நான் எழுதியிருந்த வரிக்கு நேர் கீழே
நிதானமாக,
இனிஷியலோடு போட்டார்.