சிவப்பு மூடி

குலசேகரத்தில், ரப்பர் மரங்களுக்குப் பின்னால்
கல்லூரியின் எலி வீடு.
வெட்டுக்காரர்கள் சிரட்டை துடைக்கும் நேரத்தில்
நான் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவுகிறேன்.

இருபத்துநாலு எலிகள், எல்லாவற்றுக்கும் இருபத்துநாலு மாதம்.
எலிக் கணக்கில் பென்ஷன் வயசு.
பாதிக் கூண்டுகளுக்கு மருந்து சேர்த்த உருண்டை,
பாதிக்கு வெறும் உருண்டை.
எது எதுவென்று எனக்குத் தெரியாது,
தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
சிவப்பு மூடி டப்பா. நீல மூடி டப்பா.
இரண்டிலும் ஒரே ஈர மாவு வாடை.

“மூளையும் துருப்பிடிக்கும் ஜெஸ்லின்,
குளச்சல் காத்துல ஜன்னல் கம்பி மாதிரி”
என்றார் ஷோபனா மேடம்.
வீட்டில் சொன்னேன்.
கையுறைக் கம்பெனியில் கலவை போடும் ராபின்
மரச்சீனியைப் பிசைந்தபடி சிரித்தார்:
“நாங்களும் அந்த எளவத்தான் போடுதோம்.
போடலன்னு வெச்சுக்க,
கையுறை ஒரு மழைக்காலம் தாண்டாது.”

வட்டத் தொட்டி. பால்பொடி கலக்கிய தண்ணீர்.
ஒரு விரற்கடை ஆழத்தில்
கண்ணுக்குத் தெரியாத மேடை.
சுவர்களில் முக்கோணம், வட்டம், கறுப்புக் கோடு,
நாலாவதில் போன வருஷத்துக் காலண்டர்.
யாரோ மாட்டிவிட்டார்கள்,
இனிக் கழற்றக் கூடாது;
எலிகள் அதையும் பார்த்துத்தான் வழி படித்திருக்கின்றன.

பதினேழாம் எலி, காது கிழிந்தது, சிவப்பு மூடி.
முதல் நாள் தொண்ணூறு விநாடியும்
தொட்டி ஓரமாகவே சுற்றியது.
நான் கையால் எடுத்து மேடையில் வைத்தேன்.
ஐந்தாம் நாள் பதினோரு விநாடி.
மேடை ஏறி மூக்கைத் துடைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தது,
பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டவர்
வெளியே நிற்பவரைப் பார்ப்பதுபோல.

சிலிண்டரை மூடினேனா என்று
பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பிய மாதம் அது.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மருந்துக் கடையில் அதே பெயர் சொல்லிக் கேட்டேன்.
பத்து மாத்திரை. நூற்றெண்பது ரூபாய்.
ராபினிடம் சத்து மாத்திரை என்றேன்.

வியாழக்கிழமை மூளைகளை எடுத்தோம்.
ஜாதிக்காய் அளவு, மடிப்பே இல்லாத வழவழப்பு.
ஐஸில் வைத்து அரைத்துத்
துருவை நிறத்தால் அளந்தோம்:
எவ்வளவு ரோஸோ அவ்வளவு துரு.
பதினேழின் குழாய்தான் எல்லாவற்றிலும் ரோஸ்.
அந்தக் காலண்டரும் இதற்குள்தானே கரைந்திருக்கும்
என்று நினைத்தேன்.
கையெழுத்துப் போட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

அதன்பிறகு மேடம் உறையைப் பிரித்தார்.
சிவப்பு, வெறும் உருண்டை.

நீலக்காரர்கள் சராசரியில் நாலு விநாடி முந்தியிருந்தார்கள்,
துருவும் கொஞ்சம் குறைவு.
“இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது,
இன்னும் எலி வேணும்” என்றார்.
நான் பதினேழைப் பற்றிக் கேட்டேன்.
“ஒரு எலி ஒரு எலிதான், ஜெஸ்லின்.”

திங்கட்கிழமை புதுக் கூண்டுகள் வருகின்றன.
காலண்டரை அப்படியே விட்டுவிட்டேன்.
கைப்பையில் ஆறு மாத்திரை மிச்சம்,
இன்றைக்கு எடுத்தேனா என்று நினைவில்லை.
தொட்டியின் அடைப்பை உருவினேன்.
வெள்ளைத் தண்ணீர் இறங்க இறங்க
மேடை வெளியே வந்தது,
ஓரத்திலிருந்து
இரண்டு சாண் கூட இல்லை.