இரண்டு வாய் இலை

இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள்.
இரண்டு வாய் இலை என்கிறேன்.
வழிகாட்டி அதை மணிக்கணக்காக்கிச் சொல்கிறான்,
தப்பாக.

கன்னத்தில் அடக்கிய கோக்கா இலை
சாறு வற்றிச் சக்கையாகும்வரை நடந்தால்
அது ஒரு வாய்.
மேட்டில் குறையும், சரிவில் நீளும்.
வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய நாளில்
அதற்குக் கணக்கே கிடையாது.

ஐந்து பேர், அவர்களுக்கொரு சமையற்காரன்,
நான்கு கோவேறு கழுதைகள், நான்.
முதலில் போகிறவள் பெயர் நோட்டாரியா.
பத்திரப் பதிவுக்காரனைப் போல
எதையும் இருமுறை மோந்து பார்க்காமல்
எந்தப் பாலத்திலும் காலடி வைக்க மாட்டாள்.

கணவாயில் ஆலங்கட்டி மழை.
உச்சியிலிருந்த கற்குவியலில்
ஆளுக்கொரு கல் வைத்தார்கள்.
நான் வாயிலிருந்த சக்கையை வைத்தேன்.
அந்த நெட்டைப் பெண்
உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிட்டாள்.
தூக்கி நோட்டாரியாமேல் ஏற்றினேன்.
பிடரிமயிரைப் பற்றிக்கொண்டு இறக்கம் முழுக்க
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்,
கழுதையிடம்.

மூன்றாம் இரவு வாய்யாபம்பா.
கூடாரம் அடித்து முடிப்பதற்குள்
பெண்கள் போர்வை விரித்துக்
குல்லாயும் கையுறையும் அடுக்கிவிட்டார்கள்.
இலாரியா கொய்யோ எதுவும் விற்க வரவில்லை.
விளக்கெல்லாம் அணைந்தபின்
ஒரு பையோடு வந்தாள்.
பனியில் போட்டு, காலால் மிதித்து,
வெயிலில் காயவைத்த உருளைக்கிழங்கு.
கூழாங்கல் மாதிரி, ஆனால் கனமே இல்லை.

"இடிபாட்டில் என் தங்கை புல் செதுக்குகிறாள்,
பாத்ரோசீனியா. அவளிடம் கொடு.
கறுப்பு ஆடு செத்துப்போச்சென்று சொல்."
நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள்.
"சொல்லாதே. கிழங்கை மட்டும் கொடு."

மறுநாள் மதியம், மேகம் விலகி,
கல்மேல் கல் தெரிந்ததும்
ஐந்து பேரும் பேசாமல் நின்றார்கள்.
சமையற்காரன்கூடத் தொப்பியைக் கழற்றினான்,
தலை அரித்ததால்.

வாசலில் சீட்டுக் கிழிப்பவன்
கழுதைக்கு அனுமதி இல்லை என்றான்.
எனக்கு உண்டாம்.
கழுதைகளை யார் பார்ப்பது?
மதிலோரம் நிழலில் உட்கார்ந்தேன்.

உள்ளே வழிகாட்டி அவர்களைப் பார்த்தபடி
பின்பக்கமாக நடந்துகொண்டே பேசுகிறான்.
எங்கள் பேச்சிலும் காலம் அப்படித்தான் நடக்கிறது.
முன்பு நடந்ததெல்லாம் முகத்துக்கு முன்னால்.
இனி வருவது முதுகுக்குப் பின்னால்,
குதிகாலால் தடவித்தான் போக வேண்டும்.
அவன் பேசும் மொழியில்
எனக்கு இருபது சொல் தெரியும்.
அவற்றில் இரண்டு மதில் தாண்டிக் கேட்டன:
ஒருவரும். மிச்சமில்லை.

பாத்ரோசீனியா முழங்காலெல்லாம் பச்சையாக வந்தாள்.
மடியிலிருந்த புல்லைக்
கழுதைகளுக்கு உதறினாள்.
நோட்டாரியா மோந்தாள், மறுபடி மோந்தாள், தின்றாள்.

பையைப் பிரித்து ஒரு கிழங்கை
மூக்கருகே வைத்தாள்.
"அக்கா காலடி மணக்கிறது."
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

போன மழையில் ஆறு பாதையைக் கொண்டுபோனதாம்.
பதினோரு இரவு உள்ளேயே,
மூன்றாவது அறையில்,
மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு.
"சுவரில் ஒரு காற்றுக்கும் வழியில்லை.
தீப்பெட்டி வைக்க மாடம் இருக்கிறது,
எட்டாமல் எம்ப வேண்டியதில்லை.
கட்டினவர்கள் நம்மைப் போலக் குள்ளம்."

உள்ளே யாரோ படம் எடுக்கக்
கொஞ்சம் நகரச் சொல்லி அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள்.
நகர்ந்தாள்.
என் பக்கம் வந்து குந்தினாள்.

"ஆடு எப்படி இருக்கு?
அந்தக் கறுப்பு ஆடு,
இந்த மாசம் குட்டி போட்டிருக்குமே?"

துணிமுடிச்சை அவிழ்த்தேன்.
நல்ல இலையாகப் பொறுக்கிப் பொறுக்கி
வாய் கொள்ளாத அளவுக்கு
அடக்கிக்கொண்டேன்.